ஏழாவது கல்லூரி

ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை 412 என்று எழுதியிருந்தது. ஹாஸ்கின் கல்லூரி அரங்கத்துக்கு வெளியே, பனி தள்ளிய திடலில் பத்தொன்பது கார்கள் நின்றன. கொரின் ஹாக்லண்ட் தன்னுடையதை இருபதாவதாக நிறுத்தினாள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி ஆட்டத்துக்கு இவ்வளவுதான் கூட்டமென்றால் அறிக்கையில் எப்படிப் பூசி மெழுகுவது என்று யோசித்தபடியே இறங்கினாள்.

மெழுகித்தான் ஆக வேண்டும். அவள் வேலை பார்க்கும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பில் ஒன்பது கல்லூரிகள் இருந்தன. மூன்று கழன்றுகொண்டன. ஏழு கல்லூரிகளாவது இருந்தால்தான் அதன் கூடைப்பந்து சாம்பியனுக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம். ஏழாவதாகச் சேர்க்க மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருந்தார்கள். ஒன்றை வேறொரு பெரிய கூட்டமைப்பு கொத்திக்கொண்டு போனது. இன்னொன்றின் தலைவர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மிஞ்சியது ஹாஸ்கின். திங்கட்கிழமை ஆறு கல்லூரித் தலைவர்களும் வாக்களிப்பார்கள். கொரின் நேரில் பார்த்து என்ன எழுதுகிறாளோ, அதற்கே கை தூக்குவார்கள். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

அந்த ஆறில் ஒன்று லிண்டால். கொரின் படித்து, ஆடிய கல்லூரி. இப்போது அவள் மகள் ஆனிக்கா அங்கே இரண்டாம் ஆண்டில் ஆடிக்கொண்டிருக்கிறாள். லிண்டாலில் பாதிப் பேர் ஆடுவதற்கென்றே வந்து சேர்ந்தவர்கள். நேரடி இடம் போனால் அவர்கள் போவார்கள். அவர்கள் போனால் கல்லூரி போகும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விளையாட்டுத் துறை இயக்குநர் வெர்லின் ஸ்ட்ரோ வாசலிலேயே காத்திருந்தார். கையில் காகிதக் கிண்ணம் நிறைய பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு, அதன் மேல் ஒரு இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்.

"மொதல்ல சாப்பிடுங்க. பசியோட பார்த்தா எந்த அரங்கமும் நல்லாருக்காது" என்றார்.

"நான் கூட்டத்தைத்தான் முதல்ல பார்ப்பேன், மிஸ்டர் ஸ்ட்ரோ."

"அதுல எங்களுக்குக் குறையே கிடையாது" என்று கதவைத் திறந்துவிட்டார்.

கேலரி நிரம்பி வழிந்தது. கொரின் சட்டைப் பையிலிருந்து எண்ணும் கருவியை எடுத்தாள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அவர்கள் சொல்லும் கணக்கை நம்பாமல் தானே தலைகளை எண்ணுவது அவள் வழக்கம். வரிசை வரிசையாகக் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே போனது. ஆயிரத்து நூற்று நாற்பது. மறுபடி எண்ணினாள். அதே எண். வெளியே பத்தொன்பது கார்கள்.

பிறகுதான் நிறங்களைக் கவனித்தாள். ஹாஸ்கினின் நிறம் சிவப்பு. கேலரியில் சிவப்பு அதிகமில்லை. ஒரு பகுதி முழுக்கப் பச்சை. அடுத்தது காப்பிக்கொட்டை நிறம். அதற்கப்பால் கறுப்பும் ஆரஞ்சும். கோடு போட்டுப் பிரித்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியூர் அணியின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டம் மொத்தமும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டது. அது புதிதில்லை. நீ யாராயிருந்தால் எனக்கென்ன என்று வந்தவர்களைச் சீண்டுவதற்கு எல்லா ஊரிலும் செய்வதுதான். லிண்டாலில் கொரினும் செய்திருக்கிறாள். ஆனால் அங்கே கையில் கிடைத்த தாளை விரிப்பார்கள். இங்கே பச்சைப் பகுதியில் அத்தனை பேரும் ஒரே நாளின் ஒரே தாளைப் பிடித்திருந்தார்கள். மஞ்சளாகி மடிப்பில் கிழிந்த தாள். 'உட்ரோ கல்லூரி மூடப்படுகிறது' என்றது தலைப்பு. காப்பிக்கொட்டை நிறத்தார் கையில் வேறு தாள், வேறு கல்லூரி, அதே சேதி.

ஆட்டம் தொடங்கியது.

"டேய் வரிக்குதிரை! கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கோடு போட்ட சட்டை நடுவரைப் பார்த்து ஒரு பச்சைச் சட்டைக்காரர் கத்தினார்.

"கண்ணையே வீட்டுலதான் வெச்சிருக்கான்" என்றாள் பக்கத்திலிருந்த பெண். சுற்றிலும் சிரிப்பு.

திட்டினார்கள், சிரித்தார்கள், சோளப்பொரி தின்றார்கள். ஆனால் பந்து கூடைக்குள் விழும்போது மட்டும் ஒருவரும் கை தட்டவில்லை. ஹாஸ்கின் போட்டாலும் சரி, எதிரணி போட்டாலும் சரி. வலை அசையும் ஓசை தெளிவாகக் கேட்டது.

கொரின் அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்தாள். "ஏன் யாரும் கை தட்டல?"

"நம்ம டீம் ஆடலையே, கண்ணு."

"உங்க டீம் எது?"

"உட்ரோ. எழுபத்தொண்ணுல இழுத்து மூடிட்டாங்க. நான் அப்போ கடைசி வருஷம்." அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. "நிக்காத, உக்காரு. உன் எடம் எதிர்ல இருக்கு பாரு."

எதிர்ப்புறக் கேலரி முழுக்கக் காலியாக இருந்தது. புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். ஆறு பகுதி, ஆறு விதமான நிறம். ஆறையும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது பகுதி நீலமும் மஞ்சளும். லிண்டால்.

அருகே போனபோது பெயின்ட் வாடை அடித்தது. வெர்லின் பின்னாலேயே வந்து நின்றார்.

"லிண்டாலுக்கு இருநூறு எடம் போதுமா? நீங்க சொன்னா கூட்டிடலாம்."

கொரின் கோப்பைத் திறந்தாள். முன்பு இருந்த கூட்டமைப்புகள் என்ற கட்டத்தில் ஹாஸ்கின் நான்கு பெயர்களை எழுதியிருந்தது. கேள்விப்படாத பெயர்கள். ஒரே கூட்டமைப்புதான் பெயர் மாறி மாறி வந்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இந்த நாலும் இப்போ எங்க?"

வெர்லின் எதிரே இருந்த பச்சையையும் ஆரஞ்சையும் காட்டினார். "எல்லாம் இங்கதான்."

"அத்தனை கல்லூரியுமா?"

"நாங்க யாரையும் ஒண்ணும் பண்றதில்லங்க. எல்லாரும் போயிடறாங்க, நாங்க இருக்கோம். அவ்வளவுதான்." பிறகு, பொருள் விற்பவரின் உற்சாகத்தோடு சொன்னார்: "ஆனா ஒண்ணு. எங்களோட சேர்ந்த எந்தக் கூட்டமைப்பும் எட்டு வருஷம் முடியறதுக்கு முன்னால கலைஞ்சதில்ல. ஒருநாள்கூடக் குறைஞ்சதில்ல. இப்போ யாரு இப்படி எட்டு வருஷம் உத்தரவாதம் தர்றா, சொல்லுங்க?"

கொரின் அந்த நான்கு பெயர்களையும் மறுபடி படித்தாள்.

"உங்க கல்லூரி ஆளுங்கள, கடைசி நாள் பேப்பர மட்டும் மறக்காம எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. பின்னால தேடினா கிடைக்காது."

இடைவேளை மணி அடித்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். கொரின் நீலமும் மஞ்சளுமான முதல் படியில், தன்னையறியாமல், உட்கார்ந்துவிட்டிருந்தாள். மடியில் படிவம். கடைசிப் பக்கத்தில் ஒரே கேள்வி: சேர்க்கப் பரிந்துரைக்கிறீர்களா? இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.

தொலைபேசி அதிர்ந்தது. ஆனிக்கா.

"அம்மா, ஜெயிச்சுட்டோம்! நான் பதினாறு பாயிண்ட். கடைசி மூணு நிமிஷம் நீ பாத்திருக்கணும், அந்த நெட்டச்சிய அப்படியே சுத்தல்ல விட்டேன்."

"என் பொண்ணாச்சே."

"ஆமா, நீ ஆடின லட்சணத்த கோச் சொல்லியிருக்கார்." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அம்மா, ஏழாவது கல்லூரி கிடைக்கலன்னா நாலு பேரு வேற காலேஜுக்குப் போறாங்களாம். லாக்கர் ரூம்ல இதே பேச்சு. என்னையும் கேட்டாங்க. எனக்கு இங்கயேதான் முடிக்கணும். இன்னும் ரெண்டு வருஷம்தானே? அதுவரைக்கும் இருக்குமாம்மா?"

இரண்டு வருஷம். எட்டில் இரண்டு போனால் ஆறு. ஆறாவது வருஷத்தில் லிண்டாலுக்கு வந்து சேரப்போகிறவர்கள் இப்போது எந்த ஊரிலோ, எந்தக் கொட்டகைக் கதவில் மாட்டிய வளையத்திலோ பந்து எறிந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் அம்மாக்கள் உண்டு. கொரின் அவர்களை நினைத்துப் பார்த்தாள். முகம் எதுவும் வரவில்லை. ஆனிக்காவின் முகம்தான் வந்தது.

"அம்மா? அந்த எடம் எப்படி இருக்கு?"

"நல்ல அரங்கம்" என்றாள். "நல்ல கூட்டம்."

"அப்போ எழுதிடுவியா?"

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு முதல் கட்டத்தில் குறியிட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தை விட்டு எழும்பியபோது, எதிர்ப்புறத்தில் பச்சைப் பகுதி எழுந்து நின்றது. பிறகு காப்பிக்கொட்டை நிறம். பிறகு கறுப்பும் ஆரஞ்சும். செய்தித்தாள்களை ஒழுங்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

"அடேயப்பா, என்னா கைதட்டல்!" என்றாள் ஆனிக்கா. "யாரும்மா கூடை போட்டது?"

ஆடுகளத்தில் யாருமே இல்லை.