நாரில் சேர்ந்த மண்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். எதையும் லேசில் நம்ப மாட்டாள். அப்படிப்பட்டவள்தான் சொந்த அண்ணனின் உலர்புல்லைச் சோதித்து, "நார் அறுபத்தெட்டு சதவீதம்" என்று எழுதிக் கொடுத்தாள். அறுபதைத் தாண்டினால் வேண்டாமென்று பால்பண்ணை கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. சோறு இறங்கவில்லை அவளுக்கு.

இன்னொன்றும் உறுத்தியது. நார் கூடின புல் முரடாக இருக்கும்; அந்தப் புல் கைக்கு மெத்தென்று இருந்ததே! நார் அளப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அரைத்த புல்லைச் சோப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். கரையாமல் மிஞ்சுவதை நார் என்று எடை போடுவார்கள். மணலும்தான் கரையாது. மிஞ்சியதை உலையில் போட்டால் நார் எரிந்துபோகும், மண் அப்படியே கிடக்கும். அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

ஆய்வுக்கூடத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யோசனை நல்லாத்தாம்மா இருக்கு. அண்ணனுக்காகப் பண்றேன்னு நாலு பேர் பேசுவாங்களே."

"அப்போ நாப்பது சாம்பிளுக்கும் நீங்களே நம்பர் போட்டுக் குடுங்க சார். எது யாரோடதுன்னு எனக்குத் தெரியவே வேணாம்."

மூன்று வாரம் எரித்தாள், கழித்தாள். பெரும்பாலானவை ஒன்றிரண்டு சதவீதம்தான் இறங்கின. பதினேழாம் எண் மட்டும் அறுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தேழுக்கு வந்தது. தலைவர் பட்டியலைப் பார்த்து, "உங்க அண்ணன்தான்" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே புது முறை நடைமுறைக்கு வந்தது. அறிக்கையில் மண்ணுக்கென்று தனியாக ஒரு வரி சேர்ந்தது.

மறுவாரம் அண்ணன் வந்தான். சிரித்த முகத்தை எதிர்பார்த்தாள். அவன் புது அறிக்கையை மேசைமேல் போட்டான்.

"நாரு சரியாத்தான் இருக்காம். நூறு கிலோவுல பதினோரு கிலோ மண்ண எங்க மாடு திங்கணுமான்னு பால்பண்ணையில கேக்குறாங்க. நீ அத நாருன்னே விட்டிருக்கக் கூடாதா?"

"அப்பவும் திருப்பித்தானேண்ணா அனுப்பினாங்க?"

"அப்போ வெயில்ல புல்லு முத்திப்போச்சுன்னு வெயில் மேல பழியப் போட்டுட்டு இருந்தேன். மண்ணுன்னா என் மேலதானே விழுது."

அவள் அறிக்கையை எடுத்து மண் என்ற வரியைப் பார்த்தாள். "அறுக்கிற மெஷின்ல பிளேட எவ்ளோ உசரத்துல வெச்சிருக்க?"

"தரையோட தரையா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு கட்டு கூடக் கெடைக்குமேன்னு."

அவளுக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அண்ணன் கதவு வரை போய்த் திரும்பினான்.

"நாலு விரல் தூக்கி வெச்சாப் போதுமா?"

"அறுத்துக் கொண்டா. எரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.