இயந்திரம் எண்ணாமல் விட்டது

மண்ணீரலை எடுக்க நாளைக் காலை எட்டு மணிக்கு நேரம் குறித்தாயிற்று. அதற்குள், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒரு தடவை கையால் எண்ணித் தரச் சொல்லி அறுவை மருத்துவர் சீட்டு அனுப்பியிருந்தார். லேப் டெக்னீஷியனுக்கு எரிச்சல்தான். நோயாளி பழைய ஆள், பஸ் கண்டக்டரம்மா. சொந்த உடம்பே தன் தட்டணுக்களை எதிரியென்று நினைத்து அழிக்கிறது என்று ஆறு வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை. அதுவும் கேட்காததால்தான், அவற்றை அழிக்கும் மண்ணீரலையே எடுப்பது என்று முடிவு. அடையாள அட்டையில் இருப்பது உங்கள் தங்கையா என்று கேட்கும் அளவுக்கு முகம் ஊதிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் மாதா மாதம் இயந்திரம் பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று அச்சடித்துத் தள்ளும். பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறி: கண்ணால் பார்க்கவும். யார் பார்த்தார்கள்? அத்தனை ரிப்போர்ட்டிலும் கீழே இருந்தது இந்த டெக்னீஷியனின் கையெழுத்து.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, காயவிட்டு, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

தட்டணு என்றால் பொடி. சிவப்பணுக்களுக்கு நடுவே தூசி மாதிரி கிடக்கும். இங்கே ஒவ்வொன்றும் சிவப்பணு அளவுக்கு உருண்டு திரண்டு உட்கார்ந்திருந்தது. இயந்திரத்துக்கு அளவுதான் கணக்கு. இவ்வளவு பெரியது தட்டணுவாக இருக்குமா என்று பாதிக்கு மேல் சிவப்பணுக் கூட்டத்தில் தள்ளிவிட்டிருக்கிறது. வெள்ளையணுக்களுக்கு நகர்ந்தாள். உள்ளே, ஓரமாக, வெளிறிய நீலத்தில் ஒரு கீற்று. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். படிக்கிற காலத்தில் புத்தகத்தின் மூலையில் பார்த்த படம். நேரில் காண்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

வராந்தாவில் கண்டக்டரம்மா அண்ணனோடு உட்கார்ந்திருந்தார்.

"திரும்பவும் ஊசியா? மிச்சம் ஏதாவது வச்சிருக்கியாம்மா உடம்புல?"

"இல்லக்கா, ஒரு கேள்வி. வீட்ல வேற யாருக்காவது லேசா இடிச்சாலே ரத்தம் கட்டுமா?"

"எனக்கே பஸ் கம்பி இடிச்சுத்தான் கட்டுது."

"உங்களுக்குண்ணே?"

அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட கத்தணும். இருவது வருஷம் லேத் பட்டறை, காது இருக்குமா? எனக்குமே விசில் ஊதி ஊதி ஒரு பக்கம் மந்தம்."

"அப்பா?"

"கிட்னி போயிருச்சு. தண்ணியே குடிக்காத மனுஷன்."

கம்பி, லேத், விசில், குடிக்காத தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் ரெடியாக இருந்தது. எல்லாமே நல்ல காரணங்கள். புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே இருந்த வரி டெக்னீஷியனுக்கு நினைவு வந்தது: ரத்தக்கட்டு, காது, கிட்னி, பரம்பரையாக வரும். அண்ணனின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக லேபுக்குக் கூட்டிப்போனாள். அரை மணியில் அவர் ரத்தத்திலும் அதே நீலம்.

ரத்த நோய் மருத்துவர் நின்றபடியே குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"ஸ்டார் போட்டுத்தான் டாக்டர் வந்துச்சு. நான் பாக்கல."

"நானும்தான் கேக்கல," என்றவர் போனை எடுத்தார். "நாளைக்கு எட்டு மணி கேஸ் வேணாம். ஆமா, நிறுத்துங்க. ஜீன் டெஸ்ட் வரட்டும்."

கண்டக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "அப்ப என் உடம்பு என்னை எதிரியா நினைக்கலையா?"

"இல்லம்மா. பிறவியிலேயே இப்படித்தான்னு தோணுது. இந்த மாத்திரை இதுக்குக் கேக்கவே கேக்காது. மெதுவா குறைச்சிருவோம்."

டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டாள். கண்டக்டரம்மா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எங்கப்பா ரத்தத்துலயும் இது இருந்திருக்கும்ல?"

டாக்டர் ஒரு தாளில் அப்பாவுக்கு ஒரு கட்டம் போட்டார். கீழே அண்ணன், தங்கை. தங்கையிலிருந்து ஒரு கோடு இறக்கி, வட்டம் ஒன்று வரைந்தார். "பொண்ணுதானே உங்களுக்கு? எப்படியிருக்கா?"

"அவளுக்கென்ன, ஏழாவது படிக்கிறா. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்னு டீச்சர் புகார். திமிருன்னு நானும் ரெண்டு..."

டாக்டரின் பேனா வட்டத்துக்கு மேலேயே நின்றது. கண்டக்டரம்மா மறுபடியும் குனிந்தார். கீழே, வெளிச்ச வட்டத்துக்குள், விடியலில் வானம் கொஞ்சம் கிழிந்தது போல அந்த நீலம் அசையாமல் கிடந்தது.