சூடம் அணைத்த கை

தெல்தெனிய பஸ்ஸில் ஏறும்போது, தான் கேட்கப் போவது உதவியல்ல, உண்மை என்று முத்துலிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னால்தான் அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

தம்பி சந்திரகுமாரின் பிழைப்பே ஜாதகப் பொருத்தம் பார்க்கும் கைபேசிச் செயலிதான். அதை நிறுத்தச் சொல்லி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அறிவித்தல் அனுப்பியிருந்தது. இரண்டு பேருடைய விவரங்களைக் கணினியில் ஒப்பிட்டு மதிப்பெண் போடும் எந்த முறையும் தனதே என்று அது ஆக்கவுரிமை வாங்கி வைத்திருந்தது. உலகத்துப் பொருத்தம் முழுவதையும் வேலி போட்டு வளைத்த மாதிரி. கம்பெனி விண்ணப்பிக்கும் முன்பே இது ஊரறிய நடந்தது என்று காட்டினால் தப்பலாம் என்றார் கண்டிச் சட்டத்தரணி அஸ்ஃபர்.

நடந்ததுதான். அதற்கு மூன்று வருடம் முன்பே, தெல்தெனியக் கோயில் மண்டபத்தில், முத்துலிங்கத்தின் மகள் கலாராணிக்கும் அன்னலட்சுமியின் மகனுக்கும் சந்திரகுமார் கணினியில் பொருத்தம் பார்த்தான். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று திரையில் வந்ததை வந்திருந்த சனம் எல்லாம் பார்த்தது. பெண்ணுக்கு மாங்கல்ய பலம் இல்லை, கட்டுகிறவனுக்கு ஆயுசு நிலைக்காது என்று பேச்சுக் கிளம்பி, அன்னலட்சுமி குடும்பம் விலகிக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோயிலில் முத்துலிங்கம் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார். பொருத்தம் பார்க்கிற கணக்கே அந்தக் கணினியில் இல்லை, தம்பி விளையாட்டுக்கு ஏதோ காட்டினான் என்று சத்தியம் செய்தார். தம்பி வாய் திறக்கவில்லை. கலாராணி மாத்தளையில் வாழ்க்கைப்பட்டாள்.

அந்தக் கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சியது பார்த்தவர்களின் வாய்தான். கோயில் சத்தியத்துக்கு எதிராகப் பேச மற்றவர்கள் யாரும் முன்வராததால் அன்னலட்சுமியிடமே வந்திருந்தார்.

அன்னலட்சுமி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார்.

"பாத்தேன்னு சொல்றேன். ஆனா அன்னைக்கு அணைச்ச சூடம் பொய்னு அதே கோயில்ல நீங்க மொதல்ல சொல்லணும். வீணா ஒரு பொண்ணு மேல பழி போட்டு விலகுன குடும்பம்னு இன்னும் எங்களத்தான் பேசுறாங்க, அண்ணே."

நியாயம்தான். ஆனால் கலாராணியின் புருஷனுக்குப் போன வருடம்தான் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருமகளிடம் குற்றம் தேடிக்கொண்டிருக்கும் மாமியாருக்கு இந்த ஒரு பேச்சுப் போதும். முத்துலிங்கம் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தார்.

மறுநாள் அஸ்ஃபர் கடைசியாக ஒரு வழி சொன்னார். கண்டதை எழுதிக் கையெழுத்துப் போடுகிற சத்தியக் கடதாசி மேசையில் இருந்தது.

"ஐயா, நீங்களும் அங்க இருந்தீங்கதானே? கண்டதச் சொன்னா போதும்."

சந்திரகுமார் அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார் முத்துலிங்கம்.

அஸ்ஃபர் மறுபடி கேட்க வாயெடுத்தபோது சந்திரகுமார்தான் தடுத்தான். "விடுங்க சேர். அண்ணன் சத்தியம் பண்ணுனவரு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் முத்துலிங்கம் தாங்கியிருப்பார்.

இருவரும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். எந்தக் கூட்டத்திலும் முண்டியேறி அண்ணனுக்கு இடம் பிடிப்பவன், அன்று அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டான். முத்துலிங்கம் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றே போனார்.