நாற்பத்திரண்டு றிவெற் தலைகள்

டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் பால்தாங்கி செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வெல்டிங் செய்யும் விமலராணிக்கு ஒரேயொரு பைத்தியம். சனிக்கிழமை விடிந்தால் கால் வீட்டில் தரிக்காது. பழைய நீராவி ரயில்களைப் பராமரிக்கும் சங்கத்தின் கொட்டகைக்கு ஓடிவிடுவாள். அங்கே 1921இல் செய்த ஓர் எஞ்சின் பதினொரு வருடமாக நெருப்பைக் காணாமல் நின்றது. கூரைக் கண்ணாடியால் வெயில் இறங்கி அதன் கறுப்பு முதுகில் படும்போது, அது நித்திரையில் மூச்சு விடுவதாகவே அவளுக்குத் தோன்றும். அந்த மூச்சை ஒருதடவை காதால் கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"இஞ்சேரப்பா, கிழமை முழுக்க இரும்போடை கிடந்தது உனக்குக் காணாதே?" என்று கணவன் சூசைதாசன் நக்கலடிப்பான்.

"அந்த இரும்பு கூவாதப்பா," என்பாள்.

எஞ்சினின் கொதிகலனில் ஒரு தகடு வெடிப்பு விட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, புதுத் தகட்டை அவள்தான் வெல்டிங் செய்து பொருத்தினாள். பரிசோதகர் அந்தப் பொருத்தைப் பார்த்துச் சரி சொன்னால் எஞ்சின் ஓடும். இல்லையென்றால் அருங்காட்சியகத்தில், சுற்றிவரக் கயிறு கட்டி, தொட வேண்டாம் என்ற பலகையோடு நிற்க வேண்டியதுதான்.

சங்கத்தில் மூத்தவர் பிறேபன். எழுபத்தெட்டு வயது. எஞ்சின் ஓட வேண்டுமென்று அவருக்கும் ஆசைதான். ஆனால் அதன் தோற்றத்தில் மயிரிழை மாறினாலும் மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது. பழைய தகட்டை இறுக்கியிருந்த றிவெற் ஆணிகளின் தலைகள் நாற்பத்திரண்டையும் வெட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு முந்திய சுத்தியலடி. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

"புதுப் பொருத்துக்கு மேலை இதுகளை ஒட்டிவிடு பிள்ளை. ஒரு பொட்டு வெல்டிங் காணும்," என்றார். அவருடைய டேனிஷ் அவள் காதில் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

ஒரு பொட்டாம்! பால்தாங்கி செய்த கைக்கு அது வருமா? நூலளவு இடுக்கு இருந்தாலும் பால் தங்கிப் புளித்துவிடும், சுற்றிவர அடைத்தே தீர வேண்டும். அவள் கனவில் நடப்பவள் மாதிரி ஒவ்வொரு தலையையும் முழு வட்டமாக அடைத்தாள். மூன்று சனிக்கிழமை போனது. கறுப்பு மை பூசியதும் பிறேபன் பழைய படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

மே மாதம் பரிசோதகர் வந்தார். இளம்பெண். கையால் தடவிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா பொருத்து எங்கை? மூடிக் கிடக்கிறதுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? தலையளைக் கழட்டுங்கோ."

பிறேபன் சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார். பொட்டு வெல்டிங் என்றால் ஒரு தட்டில் தலை முழுசாக விழும், பிறகு திரும்ப ஒட்டலாம். தட்டினார். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை.

விமலராணி உளியைப் பிடித்து நிறுத்தினாள். "நான் சுத்திவர அடைச்சிட்டன். பால் வேலைப் பழக்கம்," என்றாள்.

இனிக் கிறைண்டரால் அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அரைத்தால் நாற்பத்திரண்டும் தூள். அரைக்காவிட்டால் அருங்காட்சியகம். நாசமாய்ப் போன பழக்கம்! கிழவரின் நெஞ்சில் அடித்துவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"விடுங்கோ பிறேபன். வடிவாவெண்டாலும் நிக்கட்டும்," என்றாள். அந்த மூச்சை இனிக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துதான் சொன்னாள்.

திறந்திருந்த கதவால் பார்லி வயல் வாசம் வந்துகொண்டிருந்தது. பிறேபனே போய்க் கிறைண்டரை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார்.

"பாக்கிறதுக்கு என்னட்டைப் படம் இருக்குப் பிள்ளை. படம் கூவாது. அரை."

அரைத்தாள். மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. பிறேபன் முகத்தைத் திருப்பாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வெளியே வந்த பொருத்தில் ஒரு குறையும் இல்லை. பரிசோதகர் கையெழுத்து வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை விடியவே நெருப்பு மூட்டினார்கள். மத்தியானம் போலக் கொட்டகை முழுக்க வெண்புகை நிறைந்து, ஆள் யார், இரும்பு எது என்று தெரியாமல் போனது. எஞ்சின் மெல்ல அசைந்து முதல் மூச்சை விட்டது.

விமலராணிக்கு அது கேட்கவில்லை. பக்கத்தில் பிறேபன் குழந்தை மாதிரி விம்மிய சத்தம்தான் அவள் காதை நிறைத்தது. சந்தோசத்திலா, துக்கத்திலா என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.