முன்னால் பிடிப்பு, பின்னால் சுகம்

என் மாமனார் எதையும் முழுதாகத் தீர்த்து வைத்து நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் திற என்று ஒருவரும் மூடு என்று ஒருவரும் சொன்னால், பாதி திறந்து வைத்துவிட்டு இருவரும் புழுங்குவதைப் பெருமையாகப் பார்ப்பார். கூடத்துச் சுவருக்கு நீலமா மஞ்சளா என்று நானும் மாமியாரும் முட்டிக்கொண்டதில், அந்தக் கூடம் இன்றும் இரண்டு நிறத்தில் அசிங்கமாக நிற்கிறது. அதனால் யாருக்கும் அடிபடவில்லை என்பதால் நாங்களும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

கணவர் ஆசைப்பட்டு வாங்கிய வேகக் காருக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. ரோட்டைக் கவ்விக்கொள்ளும் டயர்தான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ரோட்டுல ஒரு பொடிக்கல் கிடந்தாலும் ஸ்டியரிங் எனக்குச் சொல்லணும்."

"உனக்குச் சொல்றதுக்கு முன்னாடி என் முதுகுக்குச் சொல்லிடுதேடா!" என்றார் மாமியார். அவருக்கு முதுகெலும்புத் தேய்மானம். பின்சீட்டில் என் மகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். கல்யாணமாகி முதல்முறையாக நான் மாமியார் கட்சியில் சேர்ந்தேன்.

மாமனார் கையை உயர்த்தினார். "எதுக்கு அடிச்சுக்கிறீங்க? ஸ்டியரிங் முன்னாடி இருக்கு, முதுகு பின்னாடி இருக்கு. முன்னாடி ரெண்டும் அவன் டயர், பின்னாடி ரெண்டும் உங்க டயர்."

வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டவுடன் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

டயர் கடைக்காரருக்குப் படவில்லை. "வேணாம் சார். நாலும் கவ்வட்டும், இல்ல நாலும் மெத்துனு இருக்கட்டும். முன்னாடி மட்டும் கவ்வினா, மழையில வளையும்போது பின்பக்கம் வழுக்கி வண்டியே சுத்திடும்."

"மழைன்னா இவன் மெதுவா போவான். சரிதானே?" என்றார் மாமனார். கணவர் தலையாட்டினார்.

கடைக்காரர் கணவரிடம் திரும்பினார். "போட்டுத் தர்றேன். ஆனா வளைவுக்குள்ள போனப்புறம் ஆக்சிலரேட்டர்ல இருந்து பட்டுனு காலை எடுத்துடாதீங்க. அப்பதான் பின்பக்கம் பிடி விடும்."

காய்ந்த ரோட்டில் எல்லோருக்கும் குஷி. முன்சக்கரங்கள் அப்படிப் பிடித்ததால் கணவர் முன்னைவிட வேகமாக வளைத்தார். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் லேசாக ஒதுங்கி, பிறகுதான் எங்களோடு சேர்ந்துகொண்டது. "தாலாட்டுற மாதிரி இருக்கு" என்றார் மாமியார். மகள் கைதட்டினாள். நான் கதவுப் பிடியை விடவே இல்லை.

"நாலையும் ஒண்ணா மாத்திடலாம் மாமா. பின்னாடி குழந்தை உட்கார்றா."

"மழைக்காலம் வரட்டும்மா, பார்க்கலாம்." அதிலும் பாதிதான் கிடைத்தது.

மழை காலம் பார்த்து வரவில்லை. மாமியாரை முதுகு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மேம்பாலத்தில் ஏறியதும் கொட்ட ஆரம்பித்தது. மாமனார் வீட்டில் இருந்தார். மகள் பின்கண்ணாடியில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். முன்னால் வளைவு. கணவர் காய்ந்த ரோட்டு வேகத்திலேயே அதற்குள் நுழைந்தார். பின்பக்கம் ஒதுங்கியது. இந்தமுறை திரும்பி வரவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நிறுத்தாதடா, பின்னாடியே லாரி வருது! போ!" என்று மாமியார் அலறினார்.

கணவர் அவருடைய அப்பாவுக்குப் பிள்ளை. நிறுத்தவும் இல்லை, போகவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

முன்சக்கரங்கள் அவர் ஆசைப்பட்ட மாதிரியே ரோட்டைக் கவ்விக்கொண்டன. பின்பக்கம் சுழன்று எங்களை முந்திக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மோதியது மகள் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்கு ஒரு கீறல் இல்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் எனக்கும் கணவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். அப்போதும் வாய் பழக்கத்தை விடவில்லை. "யாரும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க. நீ கத்தினே, அவன் காலை எடுத்தான். ஆளுக்குப் பாதி..."

"வாயை மூடுங்க மாமா" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார். "தலையில அடி. இப்போதைக்கு ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது. பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."

நான் எழுவதற்குள் மாமனார் எழுந்துவிட்டார். டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாதியா? பாதி போதாது டாக்டர்" என்றார். "பாதியை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

டாக்டர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.