ஒத்திகைப் பாவம்

காலை ஏழு பத்துக்கு நான் பிஸ்கட் தின்றதாக என்னோடு படித்த அவள் சிஸ்டரிடம் சொன்னாள். எட்டு மணிக்குப் பூசை. நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்குகிறவர்கள் ஒரு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் பூசை மணியிலிருந்தே கணக்கு.

"நான் தின்னல சிஸ்டர்," என்றேன்.

"வாயைத் திற."

திறந்தேன். ஒன்றும் இல்லை.

"கொப்புளிச்சுட்டா சிஸ்டர். நான் பார்த்தேன்," என்றாள் அவள்.

எங்களுக்கு எட்டு வயது. அன்று எங்கள் புதுநன்மை, முதல் தடவையாக நன்மை வாங்கும் நாள். வெள்ளைக் கவுனை அம்மா மூன்று மாதம் கையால் தைத்திருந்தாள். வரிசைக்கு முன்னால் பெரிய மெழுகுவத்தியை ஏந்திப் போக வேண்டியவள் நான். அது அவள் கைக்குப் போனது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் நன்மை வாங்குவதைப் பார்த்தேன். அடுத்த புதன்கிழமை, ஆறரை மணிப் பூசையில், பள்ளிச் சீருடையில், தனியாக வாங்கினேன். கோயிலில் இரண்டு கிழவிகளும் உபதேசியாரும் இருந்தார்கள்.

அம்மா அந்தக் கவுனை வெட்டித் தலையணை உறை தைத்தாள்.

முப்பத்தோரு வருடம் ஆயிற்று. இப்போது அதே பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயார் செய்வதும் என் பொறுப்பு. அலுவலக வராந்தாவில் ஒவ்வொரு வருடத்துப் படமும் மாட்டியிருக்கிறது. எங்கள் வருடத்துப் படத்தில் அவள் மெழுகுவத்தியோடு நடுவில் நிற்கிறாள். நான் அதில் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது அதைத் தாண்டிப் போகிறேன்.

அவள் பெற்றோர் சங்கத் தலைவி. அவள் மகள் என் வகுப்பு. உருண்டை முகம், ஓரிடத்தில் நிற்காத கால். பிள்ளைகள் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். இந்த வருடம் மெழுகுவத்தி பட்டாணிக்கு என்று தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் முடிவு செய்திருந்தார்.

போன மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. தலைவி என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"டீச்சரும் நானும் ஒரே கிளாஸ். புதுநன்மை அன்னிக்கு பிஸ்கட் தின்னு மாட்டிக்கிட்டா இவ. பாவம், பசி தாங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிறவளின் கண் இல்லை அது. சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம். ஊர் பார்க்க அவள் ஒரு தடவை தலை குனிந்தால் போதும்.

அந்தக் கூட்டத்தில்தான் ஆயாவின் வேலை போனது. பத்தொன்பது வருடமாகப் பள்ளியைப் பெருக்கித் துடைத்தவள். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு வராந்தாவில் இருந்த சூசையப்பர் சுரூபத்தின் வலது கை உடைந்து தரையில் கிடந்தது. ஆயாவின் துடைப்பக் கட்டை பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"உடைஞ்சது பெரிசில்லை சிஸ்டர். மறைச்சாங்க பாருங்க, அதுதான்," என்றாள் தலைவி. "பொய் சொல்றவங்க பிள்ளைங்க நடுவுல இருக்கலாமா?"

"நான் தொடலம்மா," என்றாள் ஆயா.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வகுப்பிலேயே ஒத்திகை வைப்பேன். அலமாரிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே ஒரு பழைய திரையைக் கட்டி, இந்தப் பக்கம் நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பிள்ளை அந்தப் பக்கம் முழங்காலிடும். ஆளுக்கொரு அட்டை கொடுத்திருப்பேன். பொய் சொன்னேன், அம்மா சொல் கேட்கவில்லை, ஜெபிக்காமல் தூங்கிவிட்டேன் என்று அதில் எட்டுப் பாவம் எழுதியிருக்கும். எதையாவது மூன்றைச் சொல்ல வேண்டும். சொந்தப் பாவம் சொல்லக் கூடாது. அது ஃபாதருக்கு மட்டும்.

ஒரு பையன் எட்டையும் வாசித்தான்.

"மூணு போதும்டா."

"எட்டுமே செஞ்சிருக்கேன் டீச்சர்."

பட்டாணி கடைசியாக வந்தாள். மற்றவர்கள் விளையாடப் போயிருந்தார்கள்.

"சுவாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும்." அதே மூச்சில் அடுத்ததைச் சொன்னாள். "சூசையப்பர் கையை நான்தான் உடைச்சேன்."

அட்டையில் அப்படி ஒரு பாவம் இல்லை. அவளிடம் அட்டையே இல்லை. நான் அட்டை கொடுத்து விளக்கிய அன்று அவள் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். திரைக்குப் பின்னால் போனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தாள்.

எழுந்திரு, இது ஒத்திகைதான் என்று சொல்லியிருக்கலாம்.

"எப்படி உடைஞ்சது?" என்றேன்.

"ஓடிப் பிடிச்சு விளையாடினோம். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பினேன். கை என்னோடயே வந்துடுச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேன். வெளிய சொன்னா மெழுகுவத்தி கிடைக்காது, அம்மா பாத்துக்கறேன்னாங்க."

அன்றைக்கே. கூட்டம் நடந்தது மூன்றாம் நாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நாற்காலியைத் திரைப் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல டீச்சர்? உள்ள சொன்னது வெளிய போகாதுன்னு ஃபாதர் சொன்னாரு."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்த வாக்கை நான் மீறவில்லை.

"பரிகாரம் என்ன டீச்சர்?"

"மூணு அருள்நிறை ஜெபம். அப்புறம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மன்னிப்பு வழிபாட்டுல ஆயாகிட்ட மன்னிப்பு கேக்கணும். என்கிட்ட சொன்ன மாதிரியே முழுசா சொல்லணும். பாதி சொன்னா செல்லாது."

"ஆயா இப்ப வர்றதில்லையே."

"வருவாங்க."

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலையே பெரிய சிஸ்டரிடம் போயிருக்கலாம். மறுநாள் ஆயா வேலைக்கு வந்திருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்திருப்பார்கள். எனக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆயாவின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. சுவரோரம் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். வேலை இல்லாத வீட்டில் எல்லாமே அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது.

"எனக்கு அங்க என்னம்மா வேலை இனிமே?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோயிலுக்கு வாங்க. சும்மா உக்காருங்க, போதும்."

"ஒரு மாதிரி பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இல்லை," என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் வந்தாள். கடைசி பெஞ்சில் இடது ஓரம் அவளை உட்காரவைத்தேன். அந்த இடத்திலிருந்து பீடம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

புதுநன்மைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நடக்கும் வழிபாடு அது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் நோகடித்தவரிடம் போய், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பார்கள். மறுநாள் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம். ஞாயிறு நன்மை. பெரும்பாலும் அம்மா அப்பாவிடம்தான் போவார்கள். ஊமை மாதிரி முணுமுணுக்கக் கூடாது என்று நான் பழக்கியிருந்தேன். கோயிலும் சின்னது. கடைசி வரை கேட்கும்.

எட்டுப் பாவக்காரன் தன் அப்பாவிடம் போனான்.

"உங்க போனை ஒளிச்சு வெச்சதுக்கு மன்னிச்சிடுங்கப்பா."

"எங்கடா வெச்சே?"

கோயில் சிரித்தது. ஃபாதரும் சிரித்தார்.

பட்டாணியின் முறை வந்தது. தலைவி இரண்டாம் வரிசையில் இருந்தாள். இரண்டு கையையும் நீட்டியபடி, அழுவதற்குத் தயாராக. பட்டாணி அவளைத் தாண்டிப் போனாள். தலைவியின் கை அப்படியே நின்றது. பட்டாணி நடுவழியில் நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்து ஆயாவின் கையைப் பிடித்தாள்.

"ஆயா, சூசையப்பர் கையை உடைச்சது நான்தான். நீங்க இல்லை. அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். மெழுகுவத்தி கிடைக்காதுன்னு அம்மா யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க. என்னை மன்னிச்சிடுங்க."

முழுசாகச் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. நல்ல மாணவி.

தலைகள் எல்லாம் முதலில் பின்னால் திரும்பின. பிறகு இரண்டாம் வரிசைக்குத் திரும்பின. தலைவி நீட்டிய கையை மடியில் வைத்தாள். பிறகு தலை குனிந்தாள். கழுத்துச் சங்கிலி முன்னால் விழுந்து ஆடியது. நான் அதை நன்றாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"போகுது விடு கண்ணு," என்றாள் ஆயா. பட்டாணியின் தலையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நன்றியை எதிர்பார்த்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது இல்லை.

வழிபாடு முடிந்ததும் பெரிய சிஸ்டர் வாசலில் எல்லோர் முன்னாலும் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை வந்துடுங்க."

"யோசிச்சு சொல்றேன் சிஸ்டர்," என்றாள் ஆயா.

பெரிய சிஸ்டர் தலைவியின் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் சொன்னார்.

"மெழுகுவத்தியை வேற பிள்ளை எடுக்கட்டும் டீச்சர்."

பட்டாணி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் கேட்டது. இப்படி ஆகும் என்று ஒன்பது நாளாக எனக்குத் தெரியும்.

தலைவி என்னைப் பள்ளி அலுவலக வராந்தாவில் பிடித்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"என் பிள்ளையை வெச்சுப் பழி தீத்துக்கிட்டே."

"நான் அன்னிக்கு பிஸ்கட் தின்னல."

"இன்னும் அந்த பிஸ்கட்டா?" என்றாள். நடிப்பில்லை. நிஜமாகவே வியந்தாள். எங்கள் தலைக்கு மேலே படத்தில் எட்டு வயது அவள், மெழுகுவத்தியோடு, சிரித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்புக்குப் போய்க் கதவைத் திறந்தேன். திரை இன்னும் கட்டியபடியே இருந்தது. ஒரு நுனியை அவிழ்த்தேன். மறு முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்தேன்.

"டீச்சர்."

பட்டாணி. பையை எடுக்க வந்திருந்தாள். அழுத முகம் காய்ந்திருந்தது. பையை மாட்டிக்கொண்டாள். போகவில்லை. பாதி தொங்கிய திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா கார்ல காத்திருப்பாங்க. போ," என்றேன்.

"இன்னொரு பாவம் இருக்கு டீச்சர். நாளைக்கு ஃபாதர்கிட்ட சொல்லணும்."

"சொல்லு."

"சொன்னா, அவரும் யாரையாவது கூட்டிட்டு வந்து பின்னாடி உக்கார வெப்பாரா?"