மழையில் நிற்கும் நாய்

எனக்கு வாய்தான் தொழில். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறேன். விடிவதற்கு முன் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் ஏறி நின்றால், கடைசி மூட்டை கைமாறும்வரை வாய் ஓயாது. ஏலத்தில் அமைதி ஆகவே ஆகாது. வாங்க வந்தவன் யோசிக்க ஆரம்பித்தால் விலை படுத்துவிடும். அதற்குள் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று விரட்டி, ‘மூணு தரம்’ என்று முடித்துவிட வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள், மூன்று வயது நெருங்கியும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். தாகம் எடுத்தால் என் விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாய் முன்னால் நிறுத்துவாள். கோபம் வந்தால் தரையோடு தரையாகப் படுத்துவிடுவாள். எல்லாம் புரிகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. “மவளுக்கும் சேத்து நீயே பேசித் தீத்துட்டியாப்பா” என்று சந்தையில் ஒருவன் கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. இவள் என்றைக்காவது வாயைத் திறப்பாளா, என்னை அப்பா என்று கூப்பிடுவாளா என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு கவலையே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் என் மனைவி எங்களை அழைத்துப்போனாள். அந்தப் பெண் மருந்து தரவில்லை, மாத்திரை தரவில்லை. ஒரு படப்புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்து, தினமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னாள். தடித்த அட்டைப் பக்கங்கள், முனையில் வேறு ஏதோ குழந்தை கடித்த பல் தடம். ஒரு நாய், ஒரு வீடு, மழை. உள்ளே எழுத்து என்று ஒன்றுகூடக் கிடையாது. எழுத்தே இல்லாமல் புத்தகம் போட்டவன் பெரிய கில்லாடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியமே சந்தை முடிந்துவிடும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானேதான் பிடுங்கிக்கொண்டேன். இது என்ன, நாய், சொல்லு நாய், இது என்ன, வீடு, சொல்லு வீடு என்று, தக்காளி விற்கிற வேகத்தில் மொத்தப் புத்தகத்தையும் விற்றுத் தீர்த்தேன். அவள் படத்தை விட்டுவிட்டு என் வாயையே வேடிக்கை பார்த்தாள். அது அலுத்ததும் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண் தன் கண்முன்னே என்னைச் செய்துகாட்டச் சொன்னாள். செய்துகாட்டினேன். அவள் புத்தகத்தை வாங்கி மூடிவைத்தாள்.

“கேள்வியும் நீங்களே கேக்குறீங்க, பதிலும் நீங்களே சொல்லிடுறீங்க சார். அவளுக்குன்னு என்ன மிச்சம் இருக்கு? பக்கத்தைத் திருப்புங்க. அப்புறம் சும்மா இருங்க.”

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பிள்ளை பார்த்து முடிக்கிறவரைக்கும் என்றாள்.

சொல்வதற்கென்ன, சுலபம்தான். பக்கத்தைத் திருப்பிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு உட்காருவேன். தலைக்குள் ‘ஒரு தரம்’ ஓடும். ‘ரெண்டு தரம்’ ஓடும். மூன்றாவது வருவதற்குள் வாய் தானாகத் திறந்து ‘நாய்’ என்றுவிடும். “மறுபடியும் ஏலத்தை முடிச்சிட்டீங்களா” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பாள். வாயில் துண்டைக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். அதையும் செய்து பார்த்தேன். பிள்ளை புத்தகத்தை விட்டுவிட்டுத் துண்டைப் பிடுங்க வந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏதோ வாடிக்கொண்டிருக்கிறது, விலைபோகாத கீரை மாதிரி வீணாகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. வாடுவது என் மகள்தான் என்று பயந்தேன். அதனால்தான் வாய் நிற்கவில்லை.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்க்கு வேலை இல்லாததால் கண் வேலை பார்க்க ஆரம்பித்தது. ஒரு மதியம் அவள் அந்த வீட்டுப் படம் இருந்த பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நான் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். அவள் உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்துத் திருப்பவிடாமல் செய்தாள். வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கிறது. நாய் வெளியே நிற்கிறது. முதுகு மயிர் எல்லாம் ஒட்டிப்போய், வாலை இடுக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. எத்தனையோ நாளாக அந்த நாயை நாய், நாய் என்று கூவியிருக்கிறேன். அது நனைவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகள் முதல் நாளிலிருந்தே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவள் விரலை மடக்கிப் படத்திலிருந்த கதவைத் தட்டினாள். பிறகு நாயைப் பார்த்தாள்.

“உள்ள வா” என்றாள்.

பாதி விழுங்கிய சொல்தான். ஆனால் சொல். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் கத்தவில்லை, அவளைத் தூக்கிக் கொஞ்சவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இன்னொரு முறை தட்டினாள். நாய் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“வல்ல” என்றாள்.

வரவில்லை என்கிறாள். எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்கிறாள். சொல்லிவிட்டுப் பேசாமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரைக் கூட்டுகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

“வரும்டா கண்ணு” என்றேன் கடைசியில். “கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்.”

சரி என்பதுபோல என் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். நாய் வருகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.